மலை இருக்கிறது, நிறுத்த இடமில்லை

மலையேறுவோர் உலகிலே பெரிதும் போற்றுகின்ற கற்சுவர் ஒன்றின் அடியில், 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே, நானும் என் தமக்கையாரும் அவருடைய மகனும் இரண்டு மணி நேரம் காருக்குள் அடைபட்டிருந்தோம். காரை நிறுத்த ஓரிடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தவிர அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் வேறொன்றும் செய்தோமில்லை.

அவ்விடம் கலிபோர்ணியா மாநிலத்தில், சியேரா நெவாடா மலைத்தொடரின் நடுவே உள்ள யொசெமிற்றிப் பள்ளத்தாக்கு. நீளம் ஏறக்குறைய 7 மைல். அகலம் மிக விரிந்த இடத்திலும் ஒரு மைலளவே. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடி உயரத்தில் அமைந்த அதன் தரை, பந்துவிளையாடும் மைதானம் போலச் சமனாயிருக்கின்றது. அத்தரையின் இருபுறத்தும் சாம்பல் நிறக் கருங்கற் சுவர்கள் செங்குத்தாக எழுகின்றன. வடபுறச் சுவரில் எல் கப்பிற்றான் என்னும் ஒற்றைப் பாறை மட்டும் அடியிலிருந்து முடிவரை 3,000 அடி. நம் நாட்டுச் சீகிரியாப் பாறை சூழவுள்ள சமவெளிக்கு மேல் ஏறக்குறைய 600 அடி உயர்ந்து நிற்பது. அத்தகைய பாறைகள் ஐந்தினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, படியும் கம்பியும் இல்லாமல் ஏறிப் பார் என்றால் எப்படியிருக்குமோ, அப்படியிருக்கும் எல் கப்பிற்றான்.

காலஞ்சென்ற என் அத்தான் புவியியல் ஆசிரியர். பனியாறுகள் மலையை அரைத்து யூ வடிவப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கும் முறையைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போதெல்லாம் யொசெமிற்றியையே உதாரணமாக எடுப்பாராம். பழைய நாட்காட்டி ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த அதன் படம் ஒன்று அவர் மேசைக் கண்ணாடியின் கீழ் நெடுங்காலம் கிடந்தது. அதனை நேரிற் பார்க்கவேண்டுமென்பது அக்காவின் ஆசையா, அத்தானின் ஆசையை அக்கா நிறைவேற்றினாரா என்று நான் கேட்டதில்லை. மகன் சன்ஹோசே நகரில் வேலை பார்க்கிறான். அக்காவுக்கோ முழங்கால் வருத்தம். இனிப் பிந்தினால் முடியாது என்ற எண்ணத்தோடுதான் புறப்பட்டோம்.

மலையடிவாரத்திலுள்ள மரிப்போசா என்னும் சிற்றூரில் விடுதி எடுத்துத் தங்கினோம். மரிப்போசா என்றால் ஸ்பானிய மொழியில் வண்ணத்துப்பூச்சி. பொன் தேடி வந்தவர்கள் கட்டிய ஊர் அது; 1854 இல் மரத்தாற் கட்டப்பட்ட நீதிமன்றம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சாவகாசமாக உணவருந்திவிட்டுக் காரில் ஏறினோம். சாவகாசந்தான் பிழை என்பது பூங்காவின் வாயிலை அடையுமுன்னரே தெரிந்துவிட்டது. மேர்செட் ஆற்றங்கரையோரமாக வளைந்து வளைந்து செல்லும் பாதையிலே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வாயிலைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றது.

உள்ளே சென்றபின் வந்தது வேறு வகைத் தொல்லை. பள்ளத்தாக்கின் தென்பக்க வீதி உட்செல்வதற்கு, வடபக்க வீதி வெளியேறுவதற்கு. பெரும்பாலும் ஒருவழிப் பாதைகளே. தெருவோரத்தில் ஒரு காருக்குரிய இடைவெளி கண்ணிற்பட்டு, அதன் அருகே செல்லுமுன் இன்னொருவர் புகுந்துவிட்டால், திரும்பி வரமுடியாது. முன்னே சென்று, பாலத்தைக் கடந்து, ஒரு சுற்றுச் சுற்றித்தான் மீண்டும் அவ்விடத்தை அடையலாம். கிராமம் என்று அவர்கள் அழைக்கும் கடைத்தொகுதிக்கு அருகிலுள்ள பெரிய வாகனத் தரிப்பிடம் நிறைந்திருந்தது. நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ளதும் அவ்வாறே. புல்வெளிகளில் ஏற்றிவிடாதபடி தெருவோரங்களிற் பல இடங்களில் கட்டைகளும் கற்களும் இட்டிருந்தனர். அவ்வாண்டு மாரியில் பனி மிக அதிகமாகப் பெய்திருந்தமையால் நீர்வீழ்ச்சிகள் முழக்கமிட்டன. அம்முழக்கத்தைக் கார்க் கண்ணாடியைத் தாழ்த்திக் கேட்டோம்.

“அம்மாவை இந்தப் புல்வெளியிலை இறக்கிவிடுறன். மாமா, நீங்களும் இறங்குங்கோ. நான் சுத்திக்கொண்டு வாறன்” என்றான் மருமகன்.

“நீ எப்ப வருவாய் எண்டு தெருவைப் பாத்துக்கொண்டு நிக்கவோ? வேண்டாம்” என்றார் அக்கா.

பிற்பகல் மூன்று மணியளவில், ஒருவரும் நிலத்திற் கால்வையாமலே, வந்த வழியே திரும்பினோம். வளைவொன்றில் எல் கப்பிற்றான் பின்கண்ணாடியிலே முழுதாகத் தெரிந்து மறைந்தது. “பாத்தது காணும், தம்பி” என்று மட்டும் அக்கா சொன்னார். அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு மரிப்போசாவரை சென்றது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. மருமகனுக்கும் அப்படியே இருந்திருக்கும். வழியில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இந்தத் துன்பம் எமக்கு மட்டும் நேர்ந்ததன்று, நேற்று முளைத்ததுமன்று. யொசெமிற்றிக்கு முதலாவது மோட்டார் வண்டி 1900 ஆம் ஆண்டில் வந்தது. குதிரைகள் மிரண்டன. 1907 இல் மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்தனர். அத்தடையை நீக்கலாமா என்று வாதம் நடந்த 1912 ஆம் ஆண்டில், அமெரிக்காவிற் பிரித்தானியத் தூதுவராயிருந்த ஜேம்ஸ் பிறைஸ் என்பவர், வேண்டாம், அந்தப் பள்ளத்தாக்கைக் கார்களுக்குத் திறந்துவிடாதீர்கள் என்று பகிரங்கமாகப் பேசினார். அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை அரசறிவியல் மாணவர் அறிவர். அவர் பேச்சு எடுபடவில்லை. 1913 இல் வாயில் திறக்கப்பட்டது. 1954 இல் ஓராண்டுக்கு வருவோர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. 2016 இல் 50 இலட்சத்தைத் தாண்டியது. பள்ளத்தாக்கு மட்டும் அதே 7 மைல்.

அப்பள்ளத்தாக்கின் சொந்தக் குடிகளான அவானீச்சி மக்களை 1851 இல் ஆயுதப் படையொன்று புகுந்து துரத்தியது. திரும்பி வந்து, பூங்காவிற் கூலிவேலை செய்து வாழ்ந்தவர்களுடைய குடிசைகளும் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு, எஞ்சியவை 1969 இல் எரித்தழிக்கப்பட்டன. வந்து போவோருடைய கார்களுக்கு இடம் போதவில்லை என்று நாம் முறையிடும்போது இதனையும் நினைத்துக்கொள்ளல் தகும்.

மலையேறுவோருக்கும் கார் நெரிசலுக்குமுள்ள தொடர்போ வேடிக்கையானது. எல் கப்பிற்றானின் நடுவிலே மூக்குப் போலப் புடைத்து நிற்கும் முகட்டின் வழியாக மேலேற 1957 ஆம் ஆண்டில் வாறன் ஹார்டிங் என்பவரும் அவர் நண்பரும் முயன்றனர். அவ்வளவு அகன்ற வெடிப்புக்கு ஏற்ற ஆப்புகள் அக்காலத்தில் இல்லாமையால், பழைய இரும்பு அடுப்பொன்றின் கால்களைக் கழற்றி அடித்தார்களாம். சுவரிலே மனிதர் தொங்குவதைக் கண்ட பிரயாணிகள் வீதியிலேயே கார்களை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கலாயினர். போக்குவரத்து அடியோடு நின்றது. வனக்காவலர் என்ன செய்தார்கள்? கோடை விடுமுறைக் காலத்தில் ஏறக்கூடாது என்று ஹார்டிங்குக்குக் கட்டளையிட்டார்கள்! பார்ப்பவரைத் தடுக்க முடியாமல், ஏறுபவரைத் தடுத்தார்கள். இப்படி விட்டுவிட்டு ஏறியதில் அம்முயற்சி ஓராண்டுக்கு மேல் நீண்டு, சுவரிற் கழித்த நாட்கள் மாத்திரம் 40 க்கு மேலாகி, 1958 நவெம்பர் 12 ஆந் திகதி ஹார்டிங், வெயின் மெறி, ஜோர்ஜ் விற்மோர் என்னும் மூவரும் உச்சியை அடைந்தனர். அதே சுவரை 2017 யூன் 3 ஆந் திகதி அலெக்ஸ் ஹொனல்ட் என்னும் இளைஞர், வேறொரு வழியால், கயிறே இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார். அந்தச் சனிக்கிழமை நாம் வாயிலிற் காத்திருந்ததும் உள்ளே சுற்றியதுமாகிய நேரம் அதைவிட மிகக் குறைந்ததன்று.

ஞாயிறு முழுவதும் விடுதியிலே கழிந்தது. மாலையில், விடுதிக்காரர் தந்த துண்டுப்பத்திரத்தில் மேர்செட் நகரிலிருந்து மரிப்போசா வழியாகப் பள்ளத்தாக்குவரை செல்லும் பஸ் சேவையின் நேர அட்டவணை என் கண்ணிற் பட்டது. 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய சேவை அது. பஸ் கட்டணத்திலேயே பூங்கா நுழைவுக் கட்டணமும் அடங்கியிருந்தது.

“பஸ்ஸிலையா, மாமா?” என்றான் மருமகன். அவன் குரலிலிருந்த வியப்பை நான் குறைகூறேன். கலிபோர்ணியாவிற் கார் வைத்திருப்பவன் பஸ்ஸில் ஏறுவதில்லை; அங்கே அது வசதியின்மையின் அடையாளம். யாழ்ப்பாணத்திலும் இப்பொழுது மோட்டார் சைக்கிள் இல்லாமல் ஒழுங்கை முகப்பைத் தாண்டமாட்டோம் என்ற நிலைக்கு எம்மவர் வந்துவிட்டனர். ஆயினும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளை வாகனங்களுக்கு அடைத்துவிடுகிறார்களே, அதற்கு ஒருவரும் முகஞ் சுளிப்பதில்லை. வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு, கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வெறுங்காலுடன் மணலில் நடந்து செல்வார்கள். அந்த வீதியில் வாகனம் புகுந்தால் திருவிழா என்னாகும் என்று அவனைக் கேட்டேன். “அது கோயில், மாமா” என்றான். நான் மறுமொழி சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினோம். ஒன்றரை மணி நேரப் பிரயாணம். சாரதி ஏறும் படியைத் தாழ்த்திக் கொடுத்தமையால் அக்கா சிரமமின்றி ஏறினார். சனிக்கிழமை வந்த அதே ஆற்றங்கரை. ஆனால் அன்று முன்னே நின்ற காரின் பின்புறத்தையே பார்த்து வந்த மருமகன், இன்றுதான் ஆற்றைக் கண்டான். கற்களில் மோதி வெண்மையாக நுரைத்து ஓடியது மேர்செட்.

பள்ளத்தாக்கினுள் இறங்கினால், அங்கே ஓடுகின்ற பஸ்களுக்குக் கட்டணமே இல்லை. 1970 ஆம் ஆண்டில் பள்ளத்தாக்கின் கிழக்கு முனையைக் கார்களுக்கு அடைத்துவிட்டுத் தொடங்கிய இலவசச் சேவை அது. ஒரு வழி கிழக்குப் பகுதியை மட்டும் சுற்றுகின்றது. மற்றொன்று எல் கப்பிற்றான் புல்வெளிவரை செல்கின்றது. இரண்டாவதில் ஏறி அமர்ந்தோம். எங்களுக்கு எதிரே, தோலெல்லாம் வெயிலிற் காய்ந்து, விரல்களிற் பிளாஸ்திரி சுற்றிய இளைஞர் ஒருவர், நெல்மூடை அளவிலான பை ஒன்றை முழங்கால்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு இருந்தார். பேச்சுக் கொடுத்தேன். மலையேறுபவர்தான். இரண்டு நாட்களுக்கு முன்னர் எல் கப்பிற்றானிலிருந்து இறங்கியவர். விட்டுவந்த சாமான்களில் ஒரு பகுதியை எடுத்து வருகிறார்.

பஸ் நல்லதுதானே என்று கேட்டேன். அரைவாசி நல்லது என்றார். அந்தச் சுவரை ஏறப் பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் செல்லும். சுவரிலே தண்ணீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லீற்றர் கொண்டுசெல்ல வேண்டும். இருவர் நான்கு நாள் ஏறுவதானால் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 60 றாத்தல் வரும். அதனோடு கயிறு, இரும்புச் சாமான்கள், உணவு, இரவிற் படுக்கத் தொங்கு கட்டில். இவ்வளவையும் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதெப்படி? ஆதலால் ஏறப்போகும்போது அவர்களுக்குச் சுவரின் அடியிலே ஒரு கார் வேண்டும். அந்தக் கார் நான்கு நாளும் அதே இடத்தில் நிற்கவும் வேண்டும். பொழுது விடியுமுன் வந்துவிடுவதால் இடம் பிடித்துவிடுவார்கள். ஏறி முடித்து இறங்கும்போதோ வேறோர் இடத்தில் வந்து இறங்குவார்கள். அப்போது பஸ் தெய்வம் போல வரும் என்றார். இந்த நியாயத்தை நான் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. ஓரிடத்துக்கு வருவோர் எல்லாரும் ஒரே தேவையோடு வருவதில்லை. நான்கு நாட்கள் அசையாமல் நிற்கும் ஒரு கார், நாற்பது நிமிடம் நின்று படம்பிடித்துப் போகும் பல கார்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று கணக்குப் பார்ப்போரும் உண்டு. அந்தக் கணக்கு எனக்கு உவப்பானதன்று. உயிரைக் கயிற்றிற் கட்டி ஏறுகிறவனுக்கு ஓரிடம் இருக்கத்தான் வேண்டும்.

சுவரில் இரவு தங்குவோர் இப்பொழுது அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். 2021 இற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2023 முதல் நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். கட்டணமில்லை. முகாம்களுக்கு வெளியே காரிற் படுத்துறங்கவும் தடையுண்டு. கரடிகளைப் பற்றியும் அவர் சொன்னார். இரவில் நிற்கும் கார்களின் கண்ணாடிகளை உடைத்து உள்ளேயிருக்கும் உணவைத் தின்பது அவற்றின் வழக்கமாயிருந்தது. 1998 இல் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களை அவை உடைத்தனவாம். உணவை இரும்புப் பெட்டிகளிற் பூட்டவேண்டுமென்று கட்டாயப்படுத்திய பின்னரே அது குறைந்தது. அக்கா தம் கைப்பையிலிருந்த பயற்றம் பணியாரப் பொட்டலத்தைச் சற்று இறுகப் பிடித்துக்கொண்டார்.

எல் கப்பிற்றான் புல்வெளியில் இறங்கினோம். பாலத்தருகே, மலையேறும் தொண்டர்கள் சிலர் தொலைநோக்கிகளை நாட்டிவைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் சுவரைக் காட்டிக் கொண்டிருந்தனர். கோடைகாலத்தில் அவர்கள் செய்யும் சேவை அது. வெறுங்கண்ணுக்கு அந்தச் சுவரில் ஒன்றுமேயில்லை. வெயில் வழியும் கல் மாத்திரம். அக்காவை ஒரு முக்காலியில் இருத்தி, தொலைநோக்கியைத் தாழ்த்திக் கொடுத்தனர். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திடீரென்று, “ஐயோ, ஒரு பெட்டைப்பிள்ளை!” என்றார். நானும் பார்த்தேன். ஏறக்குறைய நடுச்சுவரில், சிவப்புத் தொப்பியணிந்த ஒரு பெண் கையைத் தலைக்குமேல் நீட்டி வெடிப்பொன்றிற் செருகிக்கொண்டிருந்தாள். சுவரில் அந்தச் சிவப்பைத் தவிர அசைவது வேறொன்றுமில்லை. அந்த மூக்கு முகட்டை, பாதுகாப்புக்குக் கயிறு கட்டியிருந்தும் அதனைப் பிடித்து ஏறாமல், தன் கைகால்களின் பலத்தாலேயே முதன்முதல் ஏறி முடித்தவர் லின் ஹில் என்னும் பெண்மணி, ஆண்டு 1993. இதனை நான் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டாரோ தெரியாது.

“அவர் இதை அடியிலையிருந்து கீறுவார்” என்றார் பின்பு. “மேலை ஆக்கள் நிப்பினம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை.”

இரண்டு மணி நேரம் அங்கேயிருந்தோம். அதே இரண்டு மணி நேரத்தைச் சனிக்கிழமை எப்படிச் செலவிட்டோம் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீதியிலே கார்கள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. கண்ணாடிகளிற் குழந்தைகளின் முகங்கள் ஒட்டிக் கிடந்தன.

இந்த நெரிசலுக்குப் பூங்கா நிர்வாகம் கையாண்ட இன்னொரு பரிகாரம் முன்பதிவு. நோய்த்தொற்றுக் காலமான 2020 இல் தொடங்கி, 2021, 2022 ஆண்டுகளிலும், பின் 2024, 2025 ஆண்டுகளில் நெரிசல் மிகுந்த நாட்களுக்கும், காரில் நுழைவோர் கணினி வழியாக முன்கூட்டியே இடம்பெற வேண்டும் என்று விதித்தனர். நாம் சென்ற 2023 கோடையில் அவ்விதியை விட்டிருந்தனர். அதன் பயனைத்தான் அநுபவித்தோம். முன்பதிவிருந்தால் அக்காவுக்குச் சனிக்கிழமை அந்தத் துன்பம் நேர்ந்திராது என்று மருமகன் வாதித்தான். உண்மை. ஆனால் கணினியில் விரைவாக விரலோட்டத் தெரியாதவர், இன்ன நாளில் ஓய்வு கிடைக்கும் என்று முன்னரே அறியாத தொழிலாளி, இவர்களுடைய கதி என்ன? பதிவு வாயிலிற் கூட்டத்தைக் குறைக்கின்றது. வருவோரைக் குறைத்துக் குறைக்கின்றது. பஸ்ஸோ வருவோரைக் குறையாமற் கார்களைக் குறைக்கின்றது. எனக்கு இரண்டாவதே நீதியாகத் தோன்றுகின்றது. பூங்கா நிர்வாகமே 1980 ஆம் ஆண்டுத் திட்டத்தில், ஈற்றில் தனியார் கார்கள் அனைத்தையும் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றுவதே குறிக்கோள் என்று எழுதியது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் அது நிறைவேறவில்லை. வெளியே விடும் ஆயிரக்கணக்கான கார்களுக்கு எங்கே இடம், அவ்வளவு பஸ்களுக்கு யார் பணம் கொடுப்பது, நான்கு பிள்ளைகளும் ஐஸ்பெட்டியும் கூடாரமுமாக வரும் குடும்பம் எப்படிப் பஸ் ஏறுவது என்ற கேள்விகளெல்லாம் வெறுஞ்சாட்டுகளல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த இளைஞரின் 60 றாத்தல் தண்ணீரும் அவற்றுள் ஒன்று.

மாலை பஸ்ஸில் அக்கா சன்னலோரம் அமர்ந்துகொண்டார். “அந்தப் பிள்ளை இரவைக்கு எங்கை படுக்கும்?” என்று கேட்டார். சுவரிலே ஆணியடித்துத் தொங்கவிட்ட கட்டிலில் என்றேன். அவர் அதை நம்பாதவர்போல என்னைப் பார்த்துவிட்டு, கடைசி வளைவுவரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மரிப்போசா விடுதியின் முன்னே மருமகனுடைய கார் காலையில் விட்ட இடத்திலேயே நின்றது. மேலெல்லாம் ஓக் மரத்துச் சருகு. அவன் அதைத் தட்டிவிடாமல் நேரே உள்ளே போய், மறுநாட் காலை முதற் பஸ் எத்தனை மணிக்கு என்று விடுதிக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தான்.